எள்ளுக்காட்டு வண்டிப்பாதை

தனவுங்கோன்
மார்ச் 9, 2024

அன்புத் தம்பி மோ தூவுக்கு அக்கா யின் நுவே எழுதுவது. உன் உடம்பும் மனசும் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் பிள்ளைகள் பைங்கும் தந்தாரும் நலம். நலம் என்றால், மூன்று பேரும் இருக்கிறோம், கூரை இருக்கிறது, மாடு இருக்கிறது. இப்போது அதற்குத்தான் நலம் என்று பெயர்.

இணையத்தை அறுத்து நாளாயிற்று. போன மாதம் போன் கோபுரத்தையும் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் தாள்தான். படகுக்காரர் ஊ செய்ன் கருவாட்டுக் கூடைக்கு அடியில் வைத்து மோனிவாவுக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து பயறு லாரியில் மண்டலே வரும். கடிதம் நாறுகிறது என்று என்னைத் திட்டாதே. சோதனைச்சாவடியில் நிற்பவனுக்கும் மூக்கு இருக்கிறது. அதைப் பொத்திக்கொண்டு கூடையைத் தள்ளிவிடுவான் என்றுதான் இந்த ஏற்பாடு.

அக்கரை ஊரைப் போன வாரம் பட்டாளம் கொளுத்திவிட்டது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரும் அவர் மனைவியும் மட்டும் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். "கெழடுங்கள என்ன பண்ணப் போறாங்க, நீங்க போங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவைத்தார்களாம். மறுநாள் சாம்பலைக் கிளறப் போனவர்களோடு நானும் போனேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கப் போவதாக ரேடியோவில் சொன்னார்கள். உனக்கு இருபத்தாறு வயது. அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் சொல்கிறேன். ஊருக்கு வந்துவிடு. வர முடியாதென்றால் தாய்லாந்துப் பக்கம் போய்விடு. மோட்டார் சைக்கிள் எங்கேயும் பழுதாகும், உனக்கு எங்கேயும் வேலை கிடைக்கும்.

பைங் உன்னை விசாரித்தான். வயல் வேலையாக இருக்கிறான். புத்தரும் தருமமும் சங்கமும் உனக்குக் காவல்.

உன் அக்கா


மண்டலே
மார்ச் 30

அன்பு அக்காவுக்கு மோ தூ வணக்கத்துடன் எழுதுவது. உடலும் மனமும் நலம்தானே? நான் நலம். உன் கடிதம் வந்ததும் பட்டறைப் பூனை மூன்று தடவை அதைத் திருடிக்கொண்டு போயிற்று.

கவலைப்படாதே. முதலாளி வார்டு ஆபீஸில் பேசிவிட்டார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கும்போது என் பெயர் குடுவைக்குள் போகாதாம். இங்கே பொழுது சாய்ந்தால் தெருவில் ஆண்பிள்ளை வாடையே கிடையாது. டீக்கடையில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் நூடுல்ஸ் கடை போடும் அம்மா தன் மகன் லட் கோவை வெளியே விடுவதேயில்லை. அவன் மாடியில் நின்று, "அண்ணே, தெருவு எப்படி இருக்கு? அப்படியேதான் இருக்கா?" என்று என்னைக் கேட்கிறான். பத்தொன்பது வயசு.

ஊருக்கு வரலாம். வந்தால், பட்டாளத்தை எதிர்க்கும் நம் ஊர்ப் பையன்களின் தலைவன் கோ தெட் என் கையில் துப்பாக்கி கொடுப்பான். இங்கே இருந்தால் இவர்கள் கொடுப்பார்கள். எனக்கு ஸ்பானர் போதும் அக்கா.

பைங்கை அந்தப் பையன்களோடு சேரவிடாதே. அவன் கோபக்காரன். தந்தாரின் கன்னத்தில் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசி என் சார்பில் ஒரு கிள்ளு வை.

மோ தூ


தனவுங்கோன்
ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

உடலும் மனமும் நலமா? இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. பட்டறையில் பூட்டுத் தொங்குவதாக லாரிக்காரர் சொல்லி அனுப்பினார். அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லையாம்.

தாய்லாந்து போயிருப்பாய் என்று தந்தாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் உன்னை ஒரு பெரிய கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி படம் வரைந்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.

மழை பிடித்துவிட்டது. விமானமும் வருகிறது. சத்தம் கேட்டால் மடத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். வீட்டுக்குக் கீழே தோண்டிய குழியில் இறங்கிவிடுவோம். குழியில் இப்போது முழங்கால் தண்ணீர். நேற்று உள்ளே தவளைகள். தந்தார் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். விளையாட இடம் கிடைத்துவிட்டதாம்.

ஒரு வரி போதும். உன் கையெழுத்தில் ஒரு வரி.

அக்கா


மோனிவா
ஆகஸ்ட் 4

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். உடலும் மனமும் நலமா? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. பட்டறையை முதலாளி மூடிவிட்டார். நான் மோனிவாவுக்கு வந்து ஓர் அரிசி ஆலையில் சேர்ந்திருக்கிறேன். லட் கோவும் என்னோடுதான் இருக்கிறான்.

சாப்பாடு அங்கேயே. விடிவதற்கு முன் எழுப்பிவிடுவார்கள். வேலை கடினம். மேஸ்திரி வாய் மோசம். வெளியே போக அனுமதி கிடைப்பது அரிது. அதனால் ஆலை முகவரிக்கு எழுத வேண்டாம். படித்துறைப் பக்கம் டோ மியா என்ற அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷி, ஊ செய்னுக்கும் தெரிந்தவர். அவரிடம் கொடுத்தால் எனக்கு வரும்.

தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டேன். தவிட்டுத் தூசிக்கு அதுதான் வசதி. தந்தாருக்கு என்னை அடையாளம் தெரியாது.

பைங் எப்படி இருக்கிறான்? எள் அறுப்பு முடிந்ததா? ஊரைப் பற்றி அதிகம் எழுதாதே. யார் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதாதே. நலம் என்று மட்டும் எழுது.

மோ தூ


தனவுங்கோன்
ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டுதான் பிரித்தேன். உயிரோடு இருக்கிறாய். மற்றதெல்லாம் பிறகு.

அரிசி ஆலை என்கிறாய். சரி. அரிசி என்ன விலை, நெல் எங்கிருந்து வருகிறது, ஒன்றுமே எழுதவில்லை. சின்ன வயதில் ஒரு நண்டு பிடித்தாலே அதன் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்பவன் நீ. உன் எழுத்தும் மாறியிருக்கிறது, வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் சங்கதி: முதல் எள் அறுத்தாயிற்று. களத்தில் காயப்போட்டதில் பாதியை மழை கொண்டுபோயிற்று. பின் எள் விதைத்திருக்கிறோம். உப்பு கிடைப்பதில்லை. சோதனைச்சாவடியில் உப்பையும் மருந்தையும் பிடுங்கிக்கொள்கிறார்கள், பையன்களுக்குப் போகிறதென்று. தந்தாருக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. பிக்கு தந்த வேர்க் கஷாயம் கேட்டது.

பைங் நலம். களை எடுக்கிறான், மாட்டைப் பார்க்கிறான். கையில் கொஞ்சம் தீக்காயம், அடுப்பில் சுட்டுக்கொண்டான். வேறொன்றுமில்லை.

மேஸ்திரி வாய் மோசம் என்றாயே. அவன் சொல்வதை எல்லாம் செய்யாதே. செய்வது போல இரு. புரிகிறதா? செய்வது போல மட்டும் இரு.

அக்கா


மோனிவா
நவம்பர் 5

அக்கா,

உடலும் மனமும் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் எந்த ஆலையிலும் இல்லை. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள், பொழுது சாயும் நேரம், ரொட்டி வாங்கப் போனேன். லட் கோவும் கூட வந்தான். திருவிழா நாலு நாளும் மாடியிலேயே அடைந்து கிடந்தவன். "அண்ணே, ஒரே ஒரு தெரு நடந்துட்டு வந்துடுறேன்" என்று கெஞ்சினான். ஒரு தெருகூட நடக்கவில்லை. லாரியில் ஏற்றினார்கள். பயிற்சி என்றார்கள், சட்டை கொடுத்தார்கள். இப்போது இந்த முகாமில் இருக்கிறேன். உனக்கு ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது என்று உன் கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

இரண்டு ஊர்களுக்குப் போயிருக்கிறேன். நீ சொன்னபடி செய்வது போல மட்டும் இருக்கப் பார்த்தேன். ஆனால் தீக்குச்சிக்கு அது தெரியாது அக்கா.

விஷயத்துக்கு வருகிறேன். பௌர்ணமிக்கு முன்னே எங்கள் படை கிளம்புகிறது. நம் ஊருக்குத்தான். பெயர் சொல்லி உத்தரவு படித்தார்கள். படகில் வந்து பழைய செங்கல் சூளையில் இறங்கி, மேற்கே எள்ளுக்காட்டு வண்டிப்பாதை வழியாக வருவதாகத் திட்டம். ஓடைப் பாதை பக்கம் வரமாட்டார்கள், அங்கே பீரங்கி இழுக்க முடியாது. எல்லோரையும் ஓடை வழியாகக் காட்டுக்குள் கொண்டுபோய்விடு. படுத்திருப்பவர்களையும் தூக்கிக்கொண்டு போ. யாரையும் விட்டுவிட்டுப் போகாதே. "கெழடுங்கள என்ன பண்ணப் போறாங்க" என்று யாராவது சொன்னால், கன்னத்தில் ஒன்று விட்டுத் தூக்கிக்கொண்டு போ.

நேற்று கேப்டன் என்னைக் கூப்பிட்டார்.

"நீ அந்தப் பக்கத்து ஆளாமே. வழி தெரியுமா?"

"தெரியாதுங்க. சின்ன வயசுலயே மண்டலே போயிட்டேன்."

"தெரியும்னு சொல்றவனத்தான் நான் நம்பமாட்டேன். நீ முன்னால நட."

ஆகவே நான் முன்னால் வருகிறேன். என்னைப் பார்க்க அங்கே யாரும் இருக்கக் கூடாது. இதை எரித்துவிடு.

மோ தூ


தனவுங்கோன்
நவம்பர் 9

தம்பி,

நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை இது. உன்னுடையது இன்று காலை வந்தது. ஊ செய்ன் இந்தப் பதிலோடு இப்போதே திரும்புகிறார். படித்ததும் நான் சொல்வதைச் செய்.

வராதே. கிணற்றில் விழு. கெட்ட தண்ணீரைக் குடி. மரத்தில் ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொள். காய்ச்சல் என்று படு. உதைத்தாலும் எழுந்திருக்காதே. என்ன செய்தாவது அந்தப் படையோடு வராதே. வந்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் நடக்காதே. பாதையில் கால் வைக்காதே.

ஏன் என்று சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் கோ தெட்டிடம் ஓடினேன். பௌர்ணமிக்கு முன் வருகிறார்கள், ஊரைக் காலி பண்ணு என்றேன்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியும்."

"போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் தெரியும் தெரியும்னான். ரெண்டு பக்கமும் பேசினவன். அவன என்ன பண்ணினோம்னு உங்களுக்கும் தெரியும்."

சொல்லிவிட்டேன். "என் தம்பி சொன்னான்."

"மோ தூவா? அவன் மண்டலேல வண்டி ரிப்பேர் பண்றவன்ல?"

"அவனையே ஒரு வண்டியில ஏத்திட்டாங்க."

அவன் கீழே துப்பினான். "பட்டாள நாயா ஆயிட்டான்னு சொல்லுங்க."

"நாய் வந்து ஓடுங்கன்னு சொல்லுமாடா?" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மரியாதையாகத்தான் பேசினான். எந்தப் பாதை, எந்தப் பக்கம், சூளையிலிருந்தா, உறுதியாகத் தெரியுமா என்று கேட்டான். நானும் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டான். திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்கு உறைத்தது. திரும்பி ஓடினேன்.

"அந்தப் பாதைல கண்ணிவெடி எதையும் பொதைக்காதீங்க. அவன் முன்னால வர்றான்."

"அப்ப அவங்க சௌகரியமா வந்து கொளுத்திட்டுப் போகட்டும்கிறீங்களா?"

"நாங்கதான் ஓடிடுறோமே, வெறும் வீடுதானே."

"அக்கரையிலயும் வெறும் வீடுன்னுதான் நெனச்சோம். சாம்பலக் கிளறினது நீங்கதானே?"

மோ தூ, உன் பெயரைச் சொல்லி, உன் வழியைச் சொல்லி, நான்தான் காட்டிக் கொடுத்திருக்கிறேன். மண்வெட்டியும் சாக்குமாகப் பையன்கள் மேற்கே போவதை இப்போது பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். யார் யார் என்று கேட்காதே.

ஊ செய்ன் கூப்பிடுகிறார். வராதே.


காட்டிலிருந்து
நவம்பர் 26

அன்புத் தம்பி மோ தூவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் உன் உடலும் மனமும் நலமாக இருக்கட்டும். என் கடிதம் உன் கைக்குக் கிடைத்ததா? டோ மியாவிடம் கொடுத்ததாக ஊ செய்ன் சொல்கிறார். அன்றைக்கே படை கிளம்பிவிட்டது என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

நாங்கள் எல்லோரும் ஓடை வழியாக வந்துவிட்டோம். ஒருவரையும் விடவில்லை. படுத்த படுக்கையாக இருந்த இருவரைக் கதவில் வைத்துத் தூக்கி வந்தோம். மூங்கில் புதருக்குள் உட்கார்ந்திருந்தபோது, பகல் உச்சிக்கு வரும் நேரம், மேற்கே சத்தம் கேட்டது. எல்லோரும் கைகூப்பினார்கள். சிலர் சிரித்தார்கள். நானும் கைகூப்பினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. தந்தார், "ஏம்மா அழற? நம்மளோடதுதானே வெடிச்சுது?" என்றாள்.

படை அப்படியே திரும்பிவிட்டது. ஊர் எரியவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவர்கள் தூரத்திலிருந்து தீர்த்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனவர்கள்மேல் பீரங்கிக் குண்டு விழுந்தது. மடத்துக் கூரை போயிற்று. மாட்டைத் தேடிப் போன மா ஓனின் புருஷன் போய்விட்டான். மாடு மட்டும் தானாகத் திரும்பி வந்து நிற்கிறது. அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள்.

மூன்றாம் நாள் நான் வண்டிப்பாதைக்குப் போனேன். உன்னைத் தேடித்தான். பைங் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து நிறுத்தினான். "போகாதம்மா. இன்னும் இருக்கு." எவ்வளவு தூரம் போக முடியுமோ அங்கே நின்று பார்த்தேன். எள் சாய்ந்து கிடந்தது. மண் கறுத்திருந்தது. ஒரு நூடுல்ஸ் பொட்டலம், பிரிக்காதது, பாதை நடுவில் கிடந்தது. ஆள் யாரும் இல்லை. தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரைத் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள்?

ஊ செய்ன் வரும்போதெல்லாம் படித்துறைக்குப் போகிறேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

ஒரு வரி கேட்டு முன்பு எழுதினேன். இப்போது அதுகூட வேண்டாம். வெறும் தாளை மடித்து அனுப்பு. மடித்தது நீதான் என்று நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

அக்கா


மோனிவா
டிசம்பர் 21

அன்பு அக்காவுக்கு மோ தூ வணக்கத்துடன் எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களையும் டோ மியா பட்டாள மருத்துவமனைக்கே கொண்டுவந்து கொடுத்தார். என் சித்தி என்று சொல்லி, சோற்றுக் கேரியரின் அடித்தட்டில் வைத்து. ஆகவே இந்த முறை கருவாட்டு நாற்றம் இல்லை, குழம்பு நாற்றம். வராதே என்று நீ எழுதியதை, வந்து முடிந்த பிறகு படித்தேன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

நீ காட்டிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். இனி அப்படி எழுதாதே. நடந்ததைச் சொல்கிறேன்.

சூளையில் இறங்கியபோது ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது. பீரங்கியை இழுத்துப் போகலாம் போலிருந்தது. பாதை பிரியும் இடத்தில் கேப்டன் நின்றார். மேற்கே வண்டிப்பாதை. கிழக்கே ஓடை. ஓடைப் பக்கத்து மணலில் காலடித் தடங்கள் எனக்கு மட்டும் தெரிந்தன, சின்னதும் பெரியதுமாக.

"எந்தப் பக்கம்டா? வண்டிப்பாதைல பொதச்சிருப்பானுங்களோ?" என்று கேட்டார்.

நான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதும்போதே கோ தெட் என்ன செய்வான் என்று தெரியாமலா எழுதினேன்? நினைக்கவேயில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படுத்துக் கிடக்கும்போது பொய் சொல்ல முடியவில்லை. தெரியும். தெரிந்துதான் எழுதினேன். "இல்லீங்க, இந்தப் பக்கம்தான் நல்ல பாதை" என்று வண்டிப்பாதையைக் காட்டினேன். முன்னால் நடந்தேன்.

லட் கோவைப் பின்னால் போகச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அதட்டியும் சொன்னேன்.

"போங்கண்ணே, நீங்க மிதிச்ச எடத்துல மிதிச்சாத்தான் எனக்குத் தைரியம்."

"சொன்னாக் கேளுடா."

"எங்கம்மா உங்களோட இருன்னுதான் சொல்லிச்சு."

காரணத்தைச் சொல்லியிருந்தால் போயிருப்பான். அவனிடம் சொன்னால் அவன் முகம் எல்லோருக்கும் சொல்லிவிடும். பையிலிருந்து ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தை எடுத்து, ஊர் வந்ததும் பாதி பாதி என்றான். வளைவில் இரட்டைப் பனை நிற்கிறதே, அந்த இடம். நான் விழுந்தபோது வலி தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் என் பின்னால் அவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறான். என்னைத் தூக்க வந்த இன்னொருவனும் இன்னொன்றை மிதித்தான். அதோடு கேப்டன் திரும்பச் சொல்லிவிட்டார்.

ஊர் எரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். அதை நினைத்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் ஊரைக் காப்பாற்றினேன் என்று யாராவது அங்கே சொன்னால், மண்டலேக்குப் போய் அந்த நூடுல்ஸ் கடை அம்மாவிடம் சொல்லச் சொல். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நான்தான் எழுத வேண்டும். நாலு தடவை தாளை எடுத்து வைத்தேன்.

யார் புதைத்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதாதே. பைங்கிடம் இதை எதுவும் சொல்லாதே.

காலில்லாதவன் இவர்களுக்கு எதற்கு? ஜனவரி முடிவதற்குள் போகச் சொல்லிவிடுவார்கள். எனக்குப் போக இடம் தெரியவில்லை. ஊருக்கு வந்தால், நான் போட்டிருந்த சட்டையை நினைத்து என்னைக் கொல்லலாம். மா ஓனுக்கு அந்த உரிமை உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. டோ மியா கடையில் தட்டுக் கழுவிக்கொண்டு இருந்துவிடுவேன். உட்கார்ந்தே செய்யலாம்.

மோ தூ


தனவுங்கோன்
ஜனவரி 12, 2025

அன்புத் தம்பி மோ தூவுக்கு அக்கா எழுதுவது.

உன் உடம்பு ஆற வேண்டும். மனசும் ஆற வேண்டும், அதற்கு நாளாகும். தந்தாருக்கு மறுபடி காய்ச்சல், இப்போது எழுந்து நடக்கிறாள். நான் இருக்கிறேன்.

பைங்கிடம் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. சோறு தீய்ந்த வாடைக்கு உள்ளே வந்தவன் தாளை என் கையிலிருந்து எடுத்தான். நான் பிடுங்கப் பார்த்தேன். அவன் இப்போது என்னைவிட உயரம். நின்றபடியே படித்தான். இரட்டைப் பனை என்ற இடத்துக்கு வந்ததும் விரலை வைத்தான்.

"அது நான் வெச்சதும்மா."

நான் தீய்ந்த பானையை இறக்கி வைத்தேன்.

"அந்த வளைவுல நான்தான் வெச்சேன். மாமா அப்படி வரமாட்டாருன்னு நெனச்சேன். வந்தா, அவரு மாமா இல்லன்னு நெனச்சுக்கிட்டே வெச்சேன்."

வயல் வேலை என்றும் அடுப்பில் சுட்டுக்கொண்டான் என்றும் உனக்கு எழுதியதெல்லாம் பொய். அக்கரை ஊரின் சாம்பலைக் கிளறியபோது அவனும் என்னோடு வந்திருந்தான். அன்று மாலையே கோ தெட்டிடம் போய்விட்டான். நீ உன் சட்டையை மறைத்தாய், நான் அவன் கையை மறைத்தேன். உனக்குத் தெரிந்தால் நீ ஊருக்கு வரமாட்டாய் என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன். அவன் முகத்தைப் பார்த்து நீயாகத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அதன் பிறகு அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. மடத்தில் கூரை போடும் வேலைக்குப் போகிறான், அங்கேயே எதையோ தின்கிறான். யாரோடும் பேச்சில்லை. கோ தெட் கூப்பிட்டாலும் போவதில்லை.

நீ வரலாமா என்று நான் ஊரைக் கேட்டேன். மறைத்து ஒன்றும் செய்வதாயில்லை இனிமேல். புளியமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். கோ தெட் சொன்னான், "அவன் சொன்னதாலதான் நாம உயிரோட உக்காந்து பேசிட்டிருக்கோம். ஆனா அந்தச் சட்டையோட வேற ஊருக்குள்ளயும் போயிருக்கான். அத நான் இல்லன்னு சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் மா ஓன் சொல்லட்டும்." எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மாட்டுக்குப் புல் அள்ளிக்கொண்டிருந்தவள், கட்டை இறக்கி வைத்தாள்.

"என் புருஷன் செத்ததுக்கு அவன் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். காலு போனவன் எங்க போவான்? வரட்டும். ஆனா என் வீட்டுப் பக்கம் கொஞ்ச நாளைக்கு வர வேணாம்."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

ஆகவே வா.

சூளையில் இறங்காதே. வண்டிப்பாதை இன்னும் ஆகாது. பையன்கள் சிலதை எடுத்துவிட்டார்கள், சிலதை எங்கே வைத்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்த எள்ளை இந்த வருஷம் யாரும் அறுக்கவில்லை, முற்றி வெடித்து மண்ணிலேயே கொட்டிவிட்டது. ஊ செய்ன் படகிலேயே இருந்துகொண்டு நேராக நம் ஊர்ப் படித்துறைக்கு வா. தண்ணீர் இறங்கிவிட்டதால் கரை செங்குத்தாக இருக்கிறது, சேறு வேறு. கோல் ஊன்றி ஏற முடியாது.

யார் தூக்குவது என்று பேச்சு வந்தபோது மடத்திலிருந்து இறங்கி வந்து, "நான் தூக்குறேன்" என்றான் பைங். கூரைக்குப் போனதிலிருந்து அவன் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அவன் முதுகில் ஏறிக்கொள். மறுக்காதே. வழியில் அவனிடம் ஒன்றும் பேசாதே, மன்னித்தேன் என்றும் சொல்லாதே, அவனால் தாங்க முடியாது. கைகளை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள். மேடு ஏறும்போது அவன் உடம்பு நடுங்கும். நீ கனமாக இருப்பதால் என்று நினைத்துக்கொள். வாசலில் உன்னை இறக்கிவிட்டு ஓடிவிட்டான் என்றால் கூப்பிடாதே. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்திருப்பேன்.

அந்த நூடுல்ஸ் கடை அம்மாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை இங்கே வந்து எழுது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அக்கா
யின் நுவே